பனிக்காலத்தில் தாய்ப்பலகை பூட்டுவோர் கவனத்திற்கு



கணினி பற்றி வானொலியில் பேசியதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஊரில் கதவுப்பிடியைத் தொட்டு எனக்குக் கை சுள்ளென்றதில்லை. ரொறன்ரோ பனிக்காலத்தில் அது அன்றாடம். குளிர்காற்றில் ஈரம் குறைவு. வீட்டுக்குள் சூடேற இன்னும் வறண்டுவிடும். கம்பளத்தில் நடந்தாலே உடம்பில் நிலைமின் ஏறும்.

அதை நாம் உணரச் சுமார் 3,000 வோல்ற் வேண்டும். சில கணினிச் சில்லுகளோ 100 வோல்ற்றிலேயே பழுதாகலாம். ஆகவே கெடுத்தது நமக்கே தெரியாது. கம்பளத்தில் இருந்து மகனின் கணினிக்குப் பூட்டிய புதுத் தாய்ப்பலகை இயங்கவேயில்லை. காரணம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். அம்மாவின் படங்கள் வன்தட்டில் இருந்ததால் தப்பின.

எனவே முதலில் படங்களைப் பிரதி எடுங்கள். மின்வயரைக் கழற்றுங்கள். கம்பளமில்லாத இடத்தில், மேசைமேல் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பெட்டியின் பூச்சில்லாத உலோகத்தைத் தொட்ட பிறகே பலகையை எடுங்கள். விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பலகையின் ஓட்டைகளுக்கு நேரே பெட்டியில் திருகுத்தாங்கிகள் இருக்கட்டும். பலகை தகரத்தில் முட்டக்கூடாது. நினைவகத்தை இருபுறமும் 'கிளிக்' என்னும்வரை அழுத்துங்கள்.

இயக்கியதும் பயோஸில் திகதியைச் சரிசெய்து, நினைவகமும் வன்தட்டும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.