போர்க்காலத்தில் ஒரு புனைகதைப் புகலிடம்

இன்னற்காலத்தில் மக்கள் எவ்வகை நூலை நாடுவர் என்னும் வினாவை ஆராய்ச்சியாளர் பலர் எளிதிற் கடந்து செல்வர். துன்பத்தை நேர்நின்று காட்டும் நூலே உயர்ந்தது, அதனை மறக்கச் செய்வது தாழ்ந்தது என்னும் எண்ணம் நம்மிடை வேரூன்றியுள்ளது. இது பொருந்துமா என்பதைக் கல்கியின் 'பார்த்திபன் கனவு' கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

விடுதலைப் போராட்டத்திற் சிறை சென்று மீண்ட கல்கி, 1941-இல் தம் பெயரிலேயே இதழ் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அவ்விதழில் இக்கதை தொடராக வெளிவந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. பருமாவிலிருந்து தமிழர் பலர் காட்டுவழியே நடந்து மீண்டனர். வழியில் மாண்டோரும் உளர். ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களிற் குண்டுகள் விழவே, சென்னை மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு உள்நாட்டூர்களுக்கு விரைந்தனர். அந்நாளைய வாசகர் கையிலிருந்த கதையோ, காவிரிக்கரைத் தோணித்துறையில் படகோட்டி பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் வாழும் சிறு குடிசையிலே தொடங்குகின்றது!

கதையில் வரலாறு சிறிதே. வாதாபி வென்ற நரசிம்மவர்மன் வரலாற்று மன்னன். பார்த்திபனும் அவன் மகன் விக்கிரமனும் கற்பனை மாந்தர். பல்லவன் மகளுக்கு ஆசிரியர் இட்ட குந்தவி என்னும் பெயரோ, முந்நூறாண்டு பிற்பட்ட இராசராசன் தமக்கைக்கு உரியது. இதனைக் குறையென்று கூறுவாரும் உளர். எனினும் வரலாற்றின் பிடி தளர்ந்த இடத்திலேதான் ஆறுதற்கதை வேர்கொள்ளும் என்பது நம் கருத்து.

அவ்வாறுதல் எவ்வாறு பிறக்கின்றது? காதல் ஒரு காரணமாம். விலங்கிடப்பட்டுச் செல்லுங்கால் குந்தவி கண்ட பகைநாட்டு இளவரசன், பின்னர் இரத்தின வணிகனாக உருமாறி வந்து சுரத்தில் வீழ, அவளே அவனைப் பேணுகின்றாள். ஆயினும் இதனினும் சிறந்த காரணம் சிவனடியார் வேடமாகும். போர்க்களத்தில் உயிர்விடும் பார்த்திபனுக்கு அவன் மகனை வீரனாக வளர்ப்பதாக வாக்களிக்கும் அவ்வடியார் யாவரென்பதைக் கூரிய வாசகர் மிக விரைவில் உய்த்துணர்வர். விக்கிரமன் அறியான்; குந்தவியும் அறியாள்; வாசகர் மட்டும் அறிவர். அச்சுறுத்தும் பேரரசனே மறைந்து நின்று காக்கின்றான் என்னும் அவ்வறிவு, இடர் ஒவ்வொன்றையும் இனிதாக்கி விடுகின்றது. வானூர்தி எப்போது வரும், யாரை நம்புவது என்று அறியாதிருந்த மக்களுக்கு, முடிவை முன்னரே அறிந்து காத்திருத்தல் எத்துணை அரிய நுகர்ச்சி!

எனின், இது வெறும் மறதியோ? அன்று. பார்த்திபன் மாள்வது கப்பங்கட்ட மறுத்தமையால். அயலாட்சிக்கு வரி செலுத்திக்கொண்டிருந்த நாட்டில், அதற்காகச் சிறை புகுந்த ஒருவர் எழுதிய கதையில் இச்செய்தியின் பொருள் யாருக்கும் விளங்காதிருந்திராது. ஆதலின் புகலிடத்தின் சுவரில் ஒரு சாளரம் திறந்தேயிருந்தது என்க.

ஆனால் ஒன்று நம்மை உறுத்துகின்றது. சோழநாட்டின் விடுதலை இறுதியில் விக்கிரமன் வாளால் வந்ததன்று. பல்லவன் மனமுவந்து அளித்த கொடையாக வருகின்றது. காதலர் மணவினைக்கு இம்முடிவு ஏற்றதே. பார்த்திபன் சிந்திய குருதிக்கு இஃது ஏற்றதாகுமா? இனிய முடிவு தருதல் வேண்டுமென்னும் கடப்பாடு ஆசிரியரை ஈண்டு நெருக்கியுள்ளது என்றே கருதுகின்றோம்.

அவரும் இதனை உணர்ந்திருத்தல் கூடும். மகனுக்குச் சித்திரங்களாகத் தீட்டிக் காட்டிய தந்தையின் கனவு, விக்கிரமன் காலத்தில் நிறைவேறவில்லை என்றே அவர் எழுதுகின்றார். முந்நூறு ஆண்டுகள் கழித்து, இராசராசனும் இராசேந்திரனும் ஆண்ட நாளிலேதான் சோழர் கப்பல்கள் கடல் கடந்தன. அக்கடலுக்கு அப்பாலிருந்துதான் 1942-இல் தமிழர் வெறுங்கையராய்த் திரும்பிக்கொண்டிருந்தனர்.