இலிப்பிட்டுத் தொகுப்பில் நொதியங்களின் பங்கு

மாணவர்களே, கலமென்சவ்வு பிரதானமாகப் பொசுபோலிப்பிட்டுகளாலும் புரதங்களாலும் ஆனது எனக் கற்றுள்ளீர்கள். விலங்குக் கலங்களின் மென்சவ்வில் கொலஸ்திரோல் எனும் இலிப்பிட்டும் உண்டு. இவற்றைக் கலம் ஆக்குவதற்கு நொதியங்கள் அவசியம்.

பொசுபோலிப்பிட்டு ஆக்கப்படும் படிகள்:

1. ஏ.ரீ.பீ. சக்தியைப் பயன்படுத்திக் கொழுப்பமிலம் தாக்கத்துக்குத் தயாராக்கப்படும்.
2. கிளிசரோல் பொசுபேற்றுடன் இரண்டு கொழுப்பமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்படும்.
3. பொசுபேற்றும் கோலின் போன்ற ஒரு பகுதியும் கொண்ட தலை அமையும்.

இத்தாக்கங்கள் பெரும்பாலும் அகமுதலுருச் சிறுவலையில் நிகழும். ஒவ்வொரு படிக்கும் தனித்தனி நொதியம் உண்டு. ஒரு நொதியத்தின் வேலையை இன்னொன்று செய்யாது. இதுவே நொதியங்களின் தனித்துவ இயல்பாகும்.

நொதியம் இல்லாவிடின் என்ன நிகழும்?

மட்டக்களப்பு வாவியில் வாழும் மணலை மீனையும் இறாலையும் ஒப்பிடுவோம். இரண்டின் கலமென்சவ்வுகளுக்கும் கொலஸ்திரோல் தேவை. மீன் அதனைத் தன் உடலிலேயே தொகுத்துக்கொள்ளும். ஆனால் இறால், நண்டு, பூச்சிகள் முதலிய ஆத்திரோப்போடா விலங்குகளில் கொலஸ்திரோல் தொகுப்புக்குரிய சில நொதியங்கள் இல்லை. எனவே இவை அதனை உணவின் மூலமே பெறவேண்டும். நாம் உண்ணும் இறாலில் கொலஸ்திரோல் நிறைய இருப்பினும், அது இறால் அடியிலிருந்து தொகுத்ததன்று. வளர்ப்பு இறாலின் தீனில் கொலஸ்திரோல் சேர்க்கப்படுவது இதனாலேயே. இறால் கோது கழற்றுவதற்கான ஓமோனும் கொலஸ்திரோலிலிருந்தே ஆக்கப்படுகிறது.

மனிதரிலும் இத்தகைய குறை உண்டு. லினோலெயிக் அமிலத்தை ஆக்கும் நொதியம் எம்மிடம் இல்லை. ஆகவே அது அத்தியாவசியக் கொழுப்பமிலம் எனப்படும். நல்லெண்ணெயில் இது நிறைய உண்டு. தேங்காயெண்ணெயில் மிகக் குறைவு.

கவனிக்க:
• நொதியங்கள் தாக்கத்தின் வேகத்தைக் கூட்டும். தாக்க முடிவில் செலவாகிப் போவதில்லை.
• உயர் வெப்பநிலையில் நொதியம் “இறக்கும்” என எழுத வேண்டாம். நொதியம் உயிரியன்று, அது பெரும்பாலும் புரதமாகும். “இயல்பிழக்கும்” என எழுதுக.

மாதிரி வினா:
கொலஸ்திரோல் அற்ற தீன் மட்டும் வழங்கப்பட்ட இறால்களின் வளர்ச்சி குன்றியது. காரணம் தருக.

விடை:
கொலஸ்திரோலைத் தொகுக்கத் தேவையான நொதியங்கள் சில இறாலில் இல்லை. உணவிலும் அது கிடைக்காதபோது புதிய கலமென்சவ்வுகளை ஆக்குவதும் கோது கழற்றுவதும் பாதிக்கப்படும்.