இலவசக் குடையின் விலை

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறக் கட்டணம் வேண்டாம். அதோடு ஒரு குடையும் இனாம்! கேட்க விளையாட்டுப் போல இருக்கும். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் நமது கடலிலே நடந்த கதை இது. அந்தக் குடைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பார்த்தால், சந்தையில் நடக்கும் ஒரு தந்திரம் விளங்கும்.

அந்நாளில் இந்தக் கடற்பாதை பிரிட்டிஷ் இந்திய நீராவிக் கப்பற் கொம்பனியின் கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக 1906 ஒக்டோபரில் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கொம்பனியைத் தொடங்கினார். மூலதனம் 10 இலட்சம் ரூபா. ஒரு பங்கு 25 ரூபா. முதலில் வாடகைக் கப்பல் ஓடியது. 1907இல் 'காலியா', 'லாவோ' என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன. மக்கள் சுதேசிக் கப்பலையே நாடினர்.

வெள்ளையர் கொம்பனி கட்டணத்தை ஒரு ரூபாவாக, அதாவது 16 அணாவாகக் குறைத்தது. சுதேசிக் கொம்பனி 8 அணாவுக்கு இறங்கியது. அதன்பின் வந்ததுதான் இலவசப் பயணமும் குடையும்.

நட்டத்தை யார் தாங்குவது?

பெரிய கொம்பனிக்குப் பல கடல்களில் கப்பல்கள் ஓடின. இங்கே விட்டதை வேறு பாதையில் பிடிக்கலாம். சுதேசிக் கொம்பனிக்கோ இந்த ஒரு பாதைதான். ஒரே நட்டம் ஒருவருக்குக் கீறல், மற்றவருக்கு உயிர்க்காயம்.

அரசாங்கமும் பெரியவர் பக்கமே நின்றது. 1908 மார்ச்சில் சிதம்பரம்பிள்ளை கைதானார். 1911இல் கொம்பனி கலைக்கப்பட்டது. 'காலியா' போட்டிக் கொம்பனிக்கே விற்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது கொம்பனி இல்லை.

நமது வாசலில்

இடம்பெயர்ந்த பத்துக் குடும்பங்கள் குத்தகைக் காணியில் வெங்காயம் செய்து, தாமே லொறி பிடித்துச் சந்தைக்கு அனுப்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய வியாபாரி வந்து கிலோவுக்குச் சில ரூபா கூடத் தருகிறார். ஒவ்வொருவராக அவரிடம் போகிறார்கள். லொறி நிற்கிறது, கூட்டு கலைகிறது. அடுத்த போகத்தில் அவர் சொன்னதே விலை. குறைத்து விற்றாலும் கூட்டி வாங்கினாலும் நோக்கம் ஒன்றே: போட்டியாளரை அகற்றுவது.

மலிவெல்லாம் சூழ்ச்சியல்ல. விளைச்சல் பெருகினால் விலை இறங்கும். செலவைச் சுருக்கியவர் மலிவாக விற்பார். அடக்கவிலைக்கும் கீழே, நமது சங்கம் இருக்கும் ஊரில் மட்டும், சங்கம் தொடங்கிய பின் மட்டும் இறக்கினால் விழித்துக்கொள்ள வேண்டும்.

கையிருப்பு இல்லாத குடும்பத்துக்கு இன்றைய ஐந்து ரூபா பெரிது. அதை வாங்கியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பற்று மட்டும் கப்பலை மிதக்க விடவில்லை. ஆகவே நல்ல போகத்தில் சங்கம் சிறு சேமநிதி வைக்க வேண்டும். விளைச்சலில் ஒரு பங்கையாவது சங்கத்துக்கே கொடுப்பதென்று முன்கூட்டியே உடன்பட வேண்டும். கணக்கு எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

கூடிப் பேசுவோம்

1. நமது ஊரில் ஒரு கடையோ சங்கமோ மூடப்பட்டபின் விலை என்னவாயிற்று?
2. ஒரு போகம் நட்டம் வந்தால் நமது கூட்டு எத்தனை நாள் தாங்கும்?
3. அடுத்த முறை 'குடை' நீட்டப்படும்போது என்ன சொல்வோம்?