காளான் அறைக்கு ஒரு விசிறி: மும்பை வீடுகளில் காற்றும் இரைச்சலும்

மூடிய அறைக்குள் எதையேனும் வளர்க்க முற்படுபவர்கள் வெப்பத்தைப் பற்றியும் ஈரத்தைப் பற்றியும் நிறையக் கவலைப்படுகிறார்கள். அந்த அறையின் காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பதைக் கடைசியாகவே கேட்கிறார்கள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று தமிழர்கள் செறிந்து வாழும் மும்பைப் பகுதிகளில் இந்தக் கேள்வியே முதலில் எழ வேண்டும். ஏனெனில் இவை ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தாலும், இவற்றின் வீடுகளுக்குள் காற்று ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. ஓரிடத்தில் ஓசையின்றி வேலை செய்யும் மின்விசிறி, மற்றோரிடத்தில் இரைந்துகொண்டே சுற்றிப் பயனின்றிப் போகிறது.

வீட்டுக்குள் வளர்க்கத்தக்கவற்றுள் காற்றோட்டத்தை மிகக் கண்டிப்பாகக் கேட்பது காளான்தான். செடி வெளிச்சத்தில் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை விடுகிறது; காளானோ மனிதரைப் போலவே ஆக்சிஜனை உட்கொண்டு கரியமில வாயுவை வெளியிடுவதால், ஒரே அறையில் படுத்துறங்குபவர்களோடு அதே காற்றுக்குப் போட்டியிடுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பிய சிப்பிக் காளான் வகைகள் பொதுவாக 20 முதல் 30 டிகிரி வெப்பநிலையில் நன்கு விளைபவை. அப்பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998-இல் வெளிவந்த ஏ.பி.கே-2 என்னும் பால் காளான் 30 முதல் 35 டிகிரி வரையிலும் தாங்கி விளைவதால், மும்பையின் வெயில் மாதங்களுக்கு அதுவே பொருத்தமானது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இதமான நாட்களுக்குச் சிப்பிக் காளான் போதும்.

காளான் படுக்கையில், அதாவது வேகவைத்த வைக்கோலும் வித்தும் அடுக்கிக் கட்டிய பாலிதீன் பையில், பூசண இழைகள் பரவும் முதற்பருவத்தில் புதுக் காற்று அதிகம் தேவையில்லை. கரியமில வாயு மிகுந்திருப்பது அப்போது தீங்கு செய்வதுமில்லை. மொட்டு விடத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 420 பங்காக இருக்கும் கரியமில வாயு, அறைக்குள் 1,000 பங்குக்கு மேல் போகாமல் இருந்தால்தான் சிப்பிக் காளான் ஒழுங்கான உருவம் பெறும். மீறினால் தண்டு நீண்டு மெலிந்து, குடை விரியாமல் சிறு பொத்தானாக நின்றுவிடும். வாயுவை அளக்கும் கருவி இல்லாத வீட்டில் இந்த உருவமே நம்பத்தகுந்த அளவுகோல். படுக்கையின் ஒரு பக்கத்துக் காளான்கள் மட்டும் நெடுந்தண்டாக வளர்ந்திருந்தால், காற்று அந்த மூலையை எட்டவில்லை என்பது உறுதி.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது எளிய கணக்கு. பத்தடிக்குப் பத்தடி அறை, ஒன்பதடி உயரம் என்றால் அதன் கொள்ளளவு 900 கன அடி, அதாவது சுமார் 25 கன மீட்டர்; மணிக்கு ஆறு முறை காற்றை முழுவதும் மாற்ற வேண்டுமெனில் மணிக்கு 150 கன மீட்டரை வெளியேற்றும் விசிறி போதும். ஆனால் கோலி எனப்படும் ஒற்றை அறை வீட்டை முழுவதுமாகக் காளானுக்கு விட்டுக்கொடுக்கும் வசதி மும்பையில் யாருக்கு இருக்கிறது? நான்கடிக்கு நான்கடி மூலையை ஏழடி உயரத்துக்குப் பாலிதீன் விரிப்பால் தடுத்து வளர்ப்பதே நடைமுறை. அங்கே தேவைப்படுவது மணிக்கு சுமார் 20 கன மீட்டர் மட்டுமே. தேவைக்கு மிஞ்சிய காற்று நன்மையும் அன்று. மொட்டுப் பருவத்தில் 80 முதல் 90 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். ஜூலையில் வெளிக்காற்றே அந்த ஈரத்தோடு வருவதால் எவ்வளவு இழுத்தாலும் கேடில்லை, ஜனவரிப் பிற்பகலின் உலர்ந்த காற்றை அதே வேகத்தில் இழுத்தால் மொட்டுகள் கருகி உதிரும். ஆகவே வேகத்தைக் குறைக்க இடந்தராத விசிறியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காமலிருப்பதே நல்லது.

லோஹார் சாலின் மின்பொருள் கடைகளில் கிடைக்கும் ஆறங்குல எக்ஸாஸ்ட் ஃபேனின் பெட்டியில் மணிக்கு இருநூறு, முந்நூறு கன மீட்டர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியடைபவர்கள், அந்த எண் எந்தத் தடையுமற்ற வெளியில் அளக்கப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். கொசுவலை, தூசு வடிகட்டி, வளைந்து செல்லும் குழாய், தானே மூடிக்கொள்ளும் தகடுகள் ஆகிய ஒவ்வொன்றும் காற்றின் எதிரே ஒரு தடையை வைக்கின்றன. அத்தடையைத் தள்ளிக் கடக்க விசிறி எழுப்ப வேண்டிய அழுத்தம் நிலையழுத்தம் எனப்படும். அச்சின் திசையிலேயே காற்றைத் தள்ளும் சாதாரண இறக்கை விசிறிக்கு நிலையழுத்தம் மிகக் குறைவு. சுவரில் துளையிட்டு நேரே வெளியே விடும் இடத்தில் அதுவே சிறந்தது. நீண்ட குழாயோ கரி வடிகட்டியோ குறுக்கிட்டால் அது சுழன்றுகொண்டே இருக்கும், காற்று போகாது. அத்தகைய இடங்களில், காற்றை நடுவில் உறிஞ்சி விளிம்பு வழியே வீசும் மையவிலக்கு விசிறியோ, இரண்டின் இயல்பும் கலந்த குழாய் விசிறியோதான் பயன்தரும்.

தடைகளுள் பெரியது, வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரும் வழி இல்லாமை. விசிறியின் வாயளவு பரப்புள்ள, முடிந்தால் அதைப்போல் இரு மடங்கு பரப்புள்ள திறப்பு, விசிறிக்கு எதிர்ச் சுவரின் கீழ்ப்பகுதியில் இருக்க வேண்டும். கதவு, ஜன்னல் அனைத்தையும் அடைத்துவிட்டு விசிறியைப் போட்டால், காற்று கதவிடுக்குகளில் சீறிக்கொண்டு நுழையும். பக்கத்துக் குளியலறையில் கேஸ் கீஸர் இருக்குமானால், அதன் புகையையும் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடையும் வீட்டுக்குள் இழுத்துவிடும். இது உயிருக்கே ஆபத்து என்பதால், அத்தகைய வீட்டில் உள்வரும் திறப்பை அமைக்காமல் விசிறியைப் பொருத்தவே கூடாது.

இங்கேதான் இந்நகரத்தின் கட்டட வரலாறு குறுக்கிடுகிறது. 1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசலான குடியிருப்புகளுக்கு வெளிச்சமும் காற்றும் தருவதற்கென்று 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது; பின்னாளில் தமிழர்கள் பெருமளவில் குடியேறிய மாட்டுங்கா, அந்த டிரஸ்டின் தாதர்–மாட்டுங்கா திட்டங்களில் உருவானது. அறைக்குள் வானத்தின் ஒளி எட்டுவதற்கு எதிர்க் கட்டடத்தின் உச்சி 63.5 டிகிரி கோணத்துக்கு மேல் எழக் கூடாது என்று டிரஸ்ட் வலியுறுத்தியது. எளிமையாகச் சொன்னால், எதிர்க் கட்டடத்தின் உயரம் இடைவெளியைப்போல் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. உயர்ந்த கூரையும் எதிரெதிர் ஜன்னல்களும் கொண்ட அக்காலத்து மாட்டுங்கா வீடுகளில் காற்றுக்கு வழி ஏற்கெனவே இருப்பதால், மெல்லச் சுழலும் சிறு விசிறியே காளான் மூலைக்குப் போதும்.

தாராவியின் நிலை வேறு. கோலியின் மூன்று சுவர்கள் அண்டை வீடுகளோடு ஒட்டியிருக்க, நான்காவது சுவரில் கதவு ஒன்றே திறப்பாக உள்ள வீட்டில் விசிறி எங்கே காற்றைக் கொண்டுபோய் விடும்? சந்தில் விட்டால் எதிர்வீட்டுக் கதவுக்குள் போகும். அங்குள்ள குயவர் பகுதியான கும்பார்வாடாவின் சூளைப் புகை சூழ்ந்த நேரத்தில் உள்ளே இழுக்கும் காற்றும் நல்ல காற்றன்று. மாளா எனப்படும் மேல்தளம் இருந்தால், காற்றை அதன் கூரைக்கு மேல் கொண்டுசென்று விடுவதே முறை. அதற்கு வளைவு குறைந்த, உட்புறம் வழவழப்பான பி.வி.சி. குழாயும் நிலையழுத்தம் கூடிய குழாய் விசிறியும் வேண்டும். மலிவு என்று மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாயைத் தொங்கவிட்டால், அந்த மடிப்புகளே காற்றையும் மின்சாரத்தையும் தின்றுவிடும்.

செம்பூரை அடுத்த கோவண்டியில், காற்றுக்கு வழி விடாமல் கட்டும் அலட்சியத்தின் விலை மனித உடலிலேயே தெரிந்தது. குடிசைவாசிகளுக்கென்று கட்டப்பட்ட நட்வர் பாரேக் காம்பவுண்டில், ஏழு மாடிகள் கொண்ட கட்டடங்கள் சுமார் 3 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. நூறாண்டுகளுக்கு முன் இந்நகரமே வகுத்த கோண விதிக்கு இது எவ்வளவு தொலைவு என்பதை விளக்க வேண்டியதில்லை. டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பும் மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் அங்கே மேற்கொண்டு 2018-இல் வெளியான ஆய்வு, இடைவெளியும் வெளிச்சமும் கூடுதலாக உள்ள பி.எம்.ஜி. காலனியைவிட இங்கே காசநோய் மிகுதி என்றும், கீழ்த்தளங்களில் காற்றும் ஒளியும் மிகக் குறைவு என்றும் எடுத்துக்காட்டியது. இத்தகைய வீட்டில் வளர்ப்பதற்கென்று ஒரு விசிறி வாங்கப்படுமானால், அது முதலில் அங்கே வாழ்பவர்களுக்கான விசிறியாக இருக்க வேண்டும். காளான் மூலையின் கணக்கை விட்டு, முழு அறையின் கணக்கையே எடுத்துக்கொள்வது நியாயம்.

இரைச்சலைப் பொறுத்தவரை, சிறிய விசிறியே அமைதியானது என்ற எண்ணம் பரவலானது, ஆனால் தவறானது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் வெளியேறும் காற்று பாதியாகும், எழுப்பும் அழுத்தம் கால் பங்காகும், இழுக்கும் மின்திறன் கொள்கையளவில் எட்டில் ஒரு பங்காகும், இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். ஆகவே முழு வேகத்தில் கதறும் நான்கங்குல விசிறியைவிட, பாதி வேகத்தில் ஓடும் எட்டங்குல விசிறி அதே காற்றை மிக அமைதியாகத் தரும். விளம்பரத்தில் உள்ள டெசிபல் எண்ணையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. மூன்று மீட்டர் தொலைவில் 35 டெசிபல் என்பது ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 45 டெசிபல், பத்தடி அறையில் யாரும் மூன்று மீட்டர் தள்ளிப் படுப்பதுமில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் வரையறுத்திருக்கும் அளவே 45 டெசிபல்தான் என்பதையும், ஒற்றைச் செங்கல் சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் உறங்குகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வேகத்தைக் குறைக்கும் முறையிலும் கவனம் தேவை. குமிழைத் திருகும் மின்னணு ரெகுலேட்டர்கள் மின்னலையின் ஒரு பகுதியை வெட்டி அனுப்புவதால், சாதாரண மோட்டார் குறைந்த வேகத்தில் ரீங்கரிக்கும். மின்தேக்கி வகை ரெகுலேட்டரில் அந்த ரீங்காரம் மிகக் குறைவு. பி.எல்.டி.சி. எனப்படும், தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ்கள் இல்லாத, நிலைக்காந்தம் பொருத்திய மோட்டாரில் வேகக் கட்டுப்பாடு உள்ளேயே அமைந்திருக்கிறது. இந்தியக் கூரை விசிறிகளில் இதைப் பரவலாக்கிய நிறுவனங்களுள் ஒன்றான ஆட்டம்பெர்க், மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கியது. காளான் விசிறி இரவு பகலாக ஓடுவதால் சேமிப்பு கண்கூடானது: 35 வாட் விசிறி மாதத்துக்கு 25 யூனிட் எடுக்கும், 12 வாட் விசிறி 9 யூனிட்டுக்கும் குறைவாகவே எடுக்கும்.

பொருத்தும் இடம் தகரச் சுவராக இருந்தால், எவ்வளவு நல்ல விசிறியும் அதைப் பறையாக்கிவிடும். மரச் சட்டத்தில் ரப்பர் வளையம் வைத்து முடுக்குவதோ, கயிற்றில் தொங்கவிடுவதோ அதிர்வைத் தடுக்கும். கடற்காற்றில் இரும்புத் திருகுகள் விரைவில் துருப்பிடிப்பதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளே வேண்டும். தென்மேற்குப் பருவமழை மேற்கிலிருந்தே சாய்ந்தடிப்பதால், வெளிவாயை இயன்றவரை கிழக்கு அல்லது வடக்குப் பார்த்து அமைத்து, கீழ்நோக்கி வளைந்த மூடியிட வேண்டும்.

முதிர்ந்த சிப்பிக் காளான் கோடிக்கணக்கான வித்துத்தூள்களை உதிர்க்கிறது; காளான் பண்ணைத் தொழிலாளர்களின் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்குவதும் இத்தூளே. ஆதலால் குடையின் விளிம்பு மேல்நோக்கி மடியும் முன்னரே அறுவடை செய்வதும், வளர்ப்பு மூலையின் காற்றை அறைக்குள் விடாமல் நேரே வெளியேற்றுவதும் வீட்டிலுள்ளோருக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், இன்றியமையாதவை. அதே தூள் இறக்கைகளில் வெண்படலமாகப் படிந்து எடைச் சமநிலையைக் குலைப்பதால், அமைதியாக ஓடிய விசிறி சில வாரங்களில் தடதடக்கத் தொடங்குகிறது. அப்போது மோட்டாரைக் குறைசொல்லிப் புது விசிறி தேடுவதற்கு முன், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஈரத்துணியால் ஒவ்வோர் இறக்கையையும் இருபுறமும் துடைத்துப் பார்க்க வேண்டும்.