துணையாய் நிற்கும் தெய்வம்

“கடவுளை நம்பினோர் கைவிடப்படார் என்கிறார்களே; அப்படியாயின் கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள் ஏன் இறந்தார்கள்?”

வகுப்பறையில் மாணவன் ஒருவன் எம்மை நோக்கி எழுப்பிய வினா இது. அவன் நவாலியை நினைத்தே கேட்டான். 1995ஆம் ஆண்டு யூலை 9ஆந் திகதி, நவாலி சென் பீற்றர் தேவாலயத்தில் ஒதுங்கியிருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் வீழ்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது அம்மாணவன் பிறந்திருக்கவில்லை. நாமோ பாடசாலையிற் பயின்றுகொண்டிருந்தோம். அந்த நாள்களின் அச்சத்தை அறிந்தவராதலின், அவனுக்குச் சட்டென விடை கூற எமக்கு நா எழவில்லை.

நாம் சைவர். எனினும், அவன் கேட்டது கிறிஸ்தவர்களின் நம்பிக்கையைப் பற்றியது. எனவே அச்சமயம் யாது கூறுகின்றது என்பதையே முதலில் ஆராய்தல் முறை. கிறிஸ்தவர்கள் இயேசுநாதருக்கு வழங்கும் திருநாமங்களுள் ஒன்று இம்மானுவேல் என்பது. ‘கடவுள் நம்மோடு இருக்கிறார்’ என்பது அதன் பொருள். துன்பம் அணுகாது என்று அப்பெயர் வாக்களிக்கவில்லை. துன்பத்தில் நீ தனித்தவனல்லன் என்றே அது கூறுகின்றது. அவர்கள் வணங்கும் பெருமானே சிலுவையில் உயிர் துறந்தவரல்லரோ!

தனித்தவனல்லன் என்னும் இந்த ஓர் எண்ணம் மனிதனுக்கு எத்துணை வலிமை தரும்? இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. பண்டத்தரிப்புக்கு அயலிலுள்ள சில்லாலைக் கிராமம்வரை சென்றாற் போதும்.

1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. புதிய ஆட்சியாளர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தனர், குருமாரை வெளியேற்றினர். கோயிலுமின்றி, குருவுமின்றி ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. ஒரு தலைமுறை முழுவதும் பூசையைக் காணாமலே வளர்ந்தது. அவ்வாறிருந்தும், கத்தோலிக்கக் குடும்பங்கள் பல தங்கள் வீடுகளுக்குள் அடக்கமாகச் செபித்து வந்தன. குரு போனாலும் கடவுள் போகவில்லை என்பது அவர்களின் துணிபு.

1687ஆம் ஆண்டு, கூலியாள் போல வேடந்தரித்த ஒருவர் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து வந்து யாழ்ப்பாணத்தை அடைந்தார். அவர்தாம் கோவையில் 1651இற் பிறந்த யோசேப் வாஸ் முனிவர். கோவை என்றது கொங்கணக் கரையிலுள்ள கோவாவை. வந்த முனிவர் நோய்வாய்ப்பட்டு வருந்தினார். உடல் தேறியதும், கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு பிச்சைக்காரர் போல வீடு வீடாகச் சென்றார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கின்றதோ, அவரே தாம் தேடி வந்தவர் என அறிந்துகொள்வது அவர் கையாண்ட உபாயம். சில்லாலை அவருக்கு அடைக்கலம் தந்தது. அங்கிருந்தபடியே இரவு வேளைகளில் ஊரூராகச் சென்று பூசை செய்தார்.

அடைக்கலம் தருதல் எளிதான காரியமன்று. 1689ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில், பூசைக்காகக் கூடிய மக்களை ஒல்லாந்தப் படையினர் வளைத்துப் பிடித்தனர். முனிவர் அகப்படவில்லை, அகப்பட்டவர்களுட் சிலர் கசையடி பட்டனர். ஒருவர் அடியின் கொடுமையால் உயிர் நீத்தார். முனிவரின் மறைவிடத்தைக் காட்டிக்கொடுத்திருந்தால் அரசின் தயவு கிடைத்திருக்கும். ஆயினும் அவர் பிடிபடவேயில்லை. அக்குடியானவர்களின் கையில் வாளில்லை, பொருளில்லை, அரச பலமில்லை. அவர்களைத் தாங்கியது யாது? நற்கருணையிலே ஆண்டவர் உண்மையாகவே எழுந்தருளியிருக்கிறார் என்னும் நம்பிக்கையே. அந்தச் சந்நிதியில் ஒரு நாழிகை நிற்பதற்காக அவர்கள் எதையும் இழக்கத் துணிந்தனர்.

பின்னர் முனிவர் கண்டி இராச்சியம் சென்றார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என ஐயுற்று, 1692இல் அவரை அங்கே சிறைப்படுத்தினர். சிறைக்காவலிலும் அவர் சிறு குடிலொன்றை அமைத்து வழிபாடு நடத்தினார். காலப்போக்கில் அவர் நடத்தை, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் ஐயத்தைப் போக்கியது.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. வைசூரி என்றால் நம் பாட்டன்மார் காலத்திலும் ஊரே நடுங்கும். பெற்ற தாயே பிள்ளையை அணுக அஞ்சும் நோய் அது. கைவிடப்பட்ட நோயாளிகளை, மருமகனும் குருவுமான யோசேப் கர்வாலோ என்பவரோடு சேர்ந்து முனிவர் தேடிச் சென்றார். உணவூட்டினார், புண் கழுவினார், இறந்தவர்களை அடக்கஞ் செய்தார். பௌத்தரென்றும் கத்தோலிக்கரென்றும் அவர் பார்க்கவில்லை. தம்மோடு கடவுள் இருக்கிறார் என்று நம்பியவர், யாருமற்றவர்களோடு தாம் சென்று இருந்தார். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி கண்டியிலேயே காலமானார். பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவேயில்லை. 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

இவற்றைப் படிக்கும்போது எமக்கு அப்பரடிகளின் நினைவு வருகின்றது. நீற்றறையும், கல்லோடு பிணித்துக் கடலில் இட்ட கொடுமையும் அவரை அசைக்கவில்லை. அப்பர் கரையேறினார், யாழ்ப்பாணத்தில் அடிபட்டவரோ இறந்துபட்டார். முடிவு வேறுபடலாம், ஆனால், உயிர் போகும் வேளையிலும் ‘எனக்கொரு துணை உண்டு’ என்ற உறுதி இருவர்க்கும் ஒன்றே. சமயம் எதுவாயினும் அஞ்சாமை ஊற்றெடுக்கும் இடம் இதுதான் போலும்.

மாணவனிடம் மறுவாரம் இவ்வளவும் கூறினோம். “அப்படியானால் நவாலியில் இறந்தவர்களுக்கு என்ன பயன், சேர்?” என்று மீண்டுங் கேட்டான். அதற்கு முழு விடை எம்மிடமில்லை என்பதை ஒளிக்காமற் சொன்னோம். ஆனால் ஒன்று சொல்ல முடியும்: குண்டு வீழ்ந்த அவ்விடத்திற்கு, இன்னொரு குண்டு வீழக்கூடும் என்றறிந்தும், காயப்பட்டவர்களைத் தூக்குவதற்காகச் சிலர் ஓடினார்கள். கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்பவர்கள் அந்தக் கால்களையும் சற்றே நோக்கட்டும்.

அவன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். பின்பு, அயல்வீட்டில் தனித்திருக்கும் முதியவர் ஒருவர் காய்ச்சலாய்க் கிடக்கிறார் என்றும், மாலையில் அவரைப் போய்ப் பார்க்கவேண்டும் என்றும் சொல்லிப் புறப்பட்டான்.

விடையை அவன் எம்மினும் விரைவிற் கண்டுகொண்டான் என்றே எண்ணுகின்றோம்.