கலங்கல் நீரைத் தேற்றும் மரம்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மீது நீங்கள் ஏறியிருக்கிறீர்களா? சுமார் 800 அடி உயரமுள்ள அந்தப் பாறைக் குன்றின் மேலும் தண்ணீர் உண்டு. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை விட்டுவிட்டு முற்றுகையிட்ட கோட்டை இது. உள்ளே இருந்தோருக்குச் சுனையும் குளமும்தான் உயிர்நாடி. ஆனால் மழை பெய்தால் குளத்து நீர் செம்மண் குழம்பாகிவிடும் அல்லவா? அதைத் தெளியவைக்க நம் முன்னோர் கண்ட வழி, இத்தகைய வறண்ட குன்றுக் காடுகளில் வளரும் ஒரு மரத்திலேயே காய்த்தது.

அம்மரம்தான் தேற்றா. தேற்றுதல் என்றால் தெளிவித்தல். செய்யும் வேலையே பெயராகிவிட்டது. பேச்சு வழக்கில் தேத்தா மரம், தேத்தாங்கொட்டை என்பார்கள். சங்க நூலான கலித்தொகை இதனை 'இல்லம்' என்று குறிப்பிட்டு, கலங்கிய நீர் தெளிவதை மனம் தெளிவதற்கு உவமையாக்குகிறது. அப்படியானால் அன்றைக்கே இது வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும்!

செய்முறை எளிது. மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை நீர்விட்டு இழைப்பார்கள். பிறகு கலங்கல் நீரை ஊற்றிக் கலக்கி, அசையாமல் வைத்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் வண்டல் அடியில் படிந்து, மேலே தெளிநீர் நிற்கும்.

இது எப்படி நடக்கிறது? நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. அவை அனைத்தும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று பௌதிகத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே அவை ஒன்றுசேராமல், அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்கின்றன. தேற்றாங்கொட்டையிலோ நீண்ட சங்கிலி போன்ற கூட்டுச்சர்க்கரை மூலக்கூறுகள் உள்ளன. ஒரே சங்கிலி பல துகள்களைப் பற்றி, அவற்றுக்கிடையே பாலம் அமைக்கிறது. துகள்கள் திரண்டு கட்டியாகின்றன. கட்டி கனத்து அமிழ்கிறது. கொட்டையை அளவுக்கு மீறி இழைத்தால் பலன் குறையும். ஒவ்வொரு துகளையும் சங்கிலிகளே மூடிக்கொண்டால் பாலம் போட இடம் ஏது?

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று எண்ணிவிடாதீர்கள். கிருமிகள் அதில் எஞ்சியிருக்கும். கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

மற்ற உபயோகங்களும் உண்டு. கறுத்துப் பழுக்கும் கனியின் சதையை உண்பார்கள். உறுதியான கட்டை கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் ஆகும். சித்த வைத்தியத்தில் தேற்றான் கொட்டை லேகியம் பெயர் பெற்றது.

ஓர் எச்சரிக்கை. நச்சு மரமான எட்டி இதன் நெருங்கிய உறவு! எட்டிக் கொட்டை அகன்று தட்டையாகச் சட்டைப் பொத்தான் போலிருக்கும். தேற்றாங்கொட்டை அதைவிடச் சிறியது, சற்று உருண்டது. சோதனை செய்து பார்க்க விரும்பினால் காட்டில் பொறுக்காதீர்கள். நாட்டுமருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

கடைக்கு வரும் கொட்டையும் பெரும்பாலும் காட்டு மரங்களில் சேகரித்ததுதான். வேம்பையும் புங்கையும் நடுவதுபோல் தேற்றாவை யாரும் நடுவதில்லை. மரம் பெருகுவதோ கொட்டையால். பானையில் இழைபடுவதும், லேகியத்தில் அரைபடுவதும், காட்டில் முளைக்க வேண்டியதும் அதே கொட்டை.