தராசு முள்ளும் தூண்டில் முள்ளும்

விருதுநகர்க் கடைவீதியில் வியாபாரிகளின் கண் தராசு முள்ளைவிட்டு அகலாதிருப்பதைக் காண்கிறோம். முத்திரையில்லாத தராசை அங்கே யார் நம்புவார்கள்? தூண்டிற்காரர் சாதனைக்கும் அதே நியாயந்தான்.

1946-இல், காவிரியின் துணைநதியான கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மஹ்சீர் மீன் 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ இருந்தது.

நீலகிரி டிரவுட்டாயினும் காவிரி மஹ்சீராயினும், 1939-இல் தோன்றிய சர்வதேச மீன்பிடிச் சங்கம் வாய்ச்சொல்லை ஏற்பதில்லை. சோதித்து முத்திரையிட்ட தராசு வேண்டும். ஆடும் படகிலன்றிக் கரையில் நிறுக்க வேண்டும். எடைக்குச் சாட்சி, புகைப்படம், தூண்டில் நூலின் துண்டு ஆகியவையும் வேண்டும்.

ஆனால், காவிரி மஹ்சீர் இனமே இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. நீளத்தை மட்டும் அளந்து, மீனை உயிருடன் நீரில் விட்டுவிடும் சாதனைப் பிரிவு 2011 முதல் அச்சங்கத்தில் உண்டு. எடைக்கல்லினும் அந்த அளவுகோலே நமக்கு உகந்தது. சாதனையும் நிற்கும், மீனும் பிழைக்கும்.